புள்ளியியல் வகுப்பில் பேனா மாணவர் கையில் இருக்கட்டும்

பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டுக்குப் புள்ளியியல் முறைகள் தாளைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். முதல் ஏழு வருடம் எல்லாரும் நடத்துவது போலத்தான் நடத்தினேன். சூத்திரத்தைப் போர்டில் எழுதுவேன், ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன், அதே மாதிரி இன்னொன்றைக் கொடுத்துப் போடச் சொல்வேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதிக்கொள்வார்கள். பாஸும் ஆவார்கள்.

ஒரு வருடம் வைவாவில் ஒரு மாணவியிடம் கேட்டேன்: “ஒரு வகுப்பில் எல்லாருமே 50 மார்க் வாங்கியிருந்தால் திட்ட விலக்கம் எவ்வளவும்மா?” எண்கள் சராசரியில் இருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் அளவுதான் திட்ட விலக்கம். இன்டர்னலில் அந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். உடனே கால்குலேட்டரை எடுத்தாள். “எத்தனை பேர் மேம்?” என்று கேட்டாள். எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால் விலகல் எங்கிருந்து வரும் என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை. அவள் மேல் தப்பில்லை. கால்குலேட்டரை எடுப்பதைத்தான் நான் அதுவரை சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன். நான் எதையும் விளக்குவதற்கு முன்னால், வகுப்பில் உள்ள ஒவ்வொருவரும் தன் யூகத்தைத் தாளில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, பேனாவால் எழுத வேண்டும். எழுதியவருக்கு அந்தப் பதிலின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. அது தப்பென்று தெரியும்போது “ஏன்?” என்று தானே கேட்கிறார். இந்த வழியில் புள்ளியியலை எப்படி நடத்துவது என்பதை, இதை முதல்முறை எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். 60 பேர் இருக்கும் வகுப்பு, நகர்த்த முடியாத பெஞ்ச், 50 நிமிடப் பீரியட், புரொஜெக்டர் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பு அப்படித்தான்.

முழு சிலபஸையும் ஒரே செமஸ்டரில் மாற்ற முயல வேண்டாம். முதல் வருடம் ஒரு யூனிட்டை மட்டும் மாற்றுங்கள். என் அனுபவத்தில் மாதிரி எடுத்தல்தான், அதாவது சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்த்து மொத்தத்தைப் பற்றி அறிவதுதான், தொடங்க நல்ல இடம். புத்தகத்தில் படித்தால் வெறும் வரையறையாக இருப்பது, கையால் செய்தால் ஒரே பீரியடில் புரிந்துவிடும்.

கேள்வியும் அட்டையும்

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991 முதல் கையாளும் முறை ஒன்று உண்டு. கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, நான்கு விடைகள். எல்லாரும் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி வாக்களிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் பேசுவார். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கலர் பேப்பரை நான்காக வெட்டி, ஆளுக்கு நான்கு நிறத்தில் அட்டை கொடுத்துவிடுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு உறை ஒட்டி அதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தொலையாது. அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் முன் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்ச் நிறத்தை மாற்றிக்கொள்ளும்.

முதல் வாக்கில் சரியான விடை சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வாதாட விடாதீர்கள். தெரியாதவரும் தெரியாதவரும் பேசிக் குழம்புவார்கள். அங்கே நீங்கள் கொஞ்சம் விளக்க வேண்டும். 70-க்கு மேலே போனால் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நடுவில் இருந்தால்தான் அது நல்ல கேள்வி. இரண்டு நிமிடம் கொடுங்கள். “உன் பதிலைப் பக்கத்தில் இருப்பவர் ஏற்றுக்கொள்ள வை” என்று மட்டும் சொல்லுங்கள். வகுப்பில் எழும் அந்த இரைச்சலைக் கேட்டு அடக்கத் தோன்றும், அடக்காதீர்கள்.

நல்ல கேள்விக்கு ஓர் உதாரணம். இது உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானெமனும் 1970-களில் கேட்டது. ஓர் ஊரில் இரண்டு மருத்துவமனைகள். பெரியதில் நாளைக்கு 45 குழந்தைகள் பிறக்கின்றன, சிறியதில் 15. பிறந்தவற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஆண் குழந்தைகளாக இருந்த நாட்களை இரண்டு இடத்திலும் ஒரு வருடம் குறித்துவைக்கிறார்கள். எந்த மருத்துவமனையில் அப்படிப்பட்ட நாட்கள் அதிகம்? அவர்கள் கேட்ட 95 மாணவர்களில் 53 பேர் “இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்” என்றார்கள். என் வகுப்பிலும் ஒவ்வொரு வருடமும் அந்த நிற அட்டைதான் நிரம்பி நிற்கும்.

இங்கே விளக்கத் தொடங்காமல் ஆளுக்கொரு நாணயத்தை எடுக்கச் சொல்வேன். ஒவ்வொருவரும் 15 முறை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் ஆண் குழந்தை. 10 அல்லது அதற்கு மேல் தலை விழுந்தவர்கள் கை தூக்க வேண்டும். 60 பேர் வகுப்பில் ஒன்பது பேர் அளவில் எதிர்பார்க்கலாம். அப்புறம் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து 45 ஆக்கிக் கூட்ட வேண்டும். இப்போது 28 அல்லது அதற்கு மேல் தலை வந்த கூட்டம் எது? இருபது கூட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். சில வருடம் ஒன்றுகூட வராது. சிறிய மாதிரி அதிகம் ஆடும் என்பதை அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

கேள்விக்கான தப்பு விடைகளை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். பழைய இன்டர்னல் விடைத்தாள்களில் இருந்து எடுங்கள். பிள்ளைகள் உண்மையாகவே செய்யும் தப்புகள்தான் நல்ல விடைகளாக அமையும்.

1330 குறளும் ஒரு டப்பா புளியங்கொட்டையும்

மாதிரி எடுத்தல் யூனிட்டுக்கு ஒரு முழுமைத்தொகுதி, அதாவது மாதிரியை எடுப்பதற்கான மொத்தக் கூட்டம், வேண்டும். அது எவ்வளவு பெரியது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும், எல்லார் கையிலும் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும். நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. திருக்குறள். 1330 குறள், 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து. அறத்துப்பால் 1 முதல் 380, பொருட்பால் 381 முதல் 1080, காமத்துப்பால் 1081 முதல் 1330.

முதல் நாள் ஒன்றும் சொல்லாமல், “உங்களுக்கு நினைவில் இருக்கும் ஐந்து குறளை எழுதுங்கள்” என்று கேட்பேன். எழுதியதும் கையடக்கப் பதிப்பைப் பார்த்து எண்களைக் கண்டுபிடித்து, அந்த ஐந்து எண்களின் சராசரியைப் போட வேண்டும். போர்டின் குறுக்கே 0 முதல் 1330 வரை ஒரு கோடு போட்டு வைத்திருப்பேன். ஒவ்வொருவரும் வந்து தன் சராசரி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கடவுள் வாழ்த்து, அன்புடைமை, இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல், கல்வி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவைதான் வரும். நட்பும் உழவும் எட்டிப் பார்க்கும். புள்ளிகள் எல்லாம் கோட்டின் இடது பக்கம் குவிந்து கிடக்கும். 1 முதல் 1330 வரை உள்ள எண்களின் உண்மைச் சராசரி 665.5. அந்த இடத்தில் சிவப்பு சாக்பீஸால் நெட்டாக ஒரு கோடு போடுவேன். அதன் பக்கத்தில்கூட ஆள் இருக்காது.

ஒரு வருடம் பின் பெஞ்சில் இருந்து ஒரு பையன் சொன்னான்: “மேம், இன்னும் நிறையப் பேரைக் கேட்டால் சரியாயிடும்.” போர்டில் அப்போது ஐம்பத்தெட்டுப் புள்ளிகள் இருந்தன. “பக்கத்து வகுப்பையும் கூப்பிட்டால் இந்தக் குவியல் எங்கே போகும்?” என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டு, “அவங்களும் இதே ஸ்கூல் புக்கைத்தானடா படிச்சாங்க” என்றான். மாதிரியின் அளவைக் கூட்டினால் சாய்வு (மாதிரி ஒரே பக்கமாக விலகி நிற்பது) போகாது என்று எத்தனையோ முறை டிக்டேட் செய்திருக்கிறேன். அந்த ஒரு வரி அவ்வளவையும் விட நன்றாகச் சொன்னது.

இரண்டாம் நாள் சமவாய்ப்பு மாதிரி, அதாவது ஒவ்வொரு குறளுக்கும் ஒரே அளவு வாய்ப்புக் கிடைக்கும்படி எடுப்பது. புளியங்கொட்டைகளில் மார்க்கரால் 0 முதல் 9 வரை எழுதி, வரிசைக்கு ஒரு டப்பா வைத்திருக்கிறேன். முதல் இலக்கத்துக்கு நாணயம்: தலை என்றால் 0, பூ என்றால் 1. மீதி மூன்று இலக்கத்துக்கு, கொட்டையை எடுத்துக் குறித்துவிட்டு மறுபடி டப்பாவில் போட்டுக் குலுக்க வேண்டும். 0000 வந்தாலும் 1330-க்கு மேலே போனாலும் தள்ளிவிட்டு முதலில் இருந்து எடுக்க வேண்டும். “தள்ளுவானேன், 1330-ஐக் கழித்துக்கொள்ளலாமே” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதை அப்படியே வகுப்பிடம் திருப்பிவிடுங்கள். கழித்தால் சில குறள்களுக்கு இரட்டை வாய்ப்புக் கிடைக்கும் என்று பத்து நிமிடத்தில் அவர்களே வந்துசேர்வார்கள். போனில் சமவாய்ப்பு எண் எடுக்கும் செயலிகள் இருக்கின்றன என்பது தெரியும். இருந்தாலும் முதல் முறை கொட்டைதான். எண் எப்படி வருகிறது என்பதைக் கை உணர வேண்டும்.

ஆளுக்கு ஐந்து எண், சராசரி, மறுபடி போர்டில் புள்ளி. இந்த முறை புள்ளிகள் சிவப்புக் கோட்டின் இரு பக்கமும் பரவி நிற்கும். அப்புறம் ஐந்து பேர் சேர்ந்து 25 எண்ணுக்கு ஒரு சராசரி, வேறு நிறத்தில். அவை கோட்டை நெருங்கி வந்துவிடும். முழுத் தொகுதியின் திட்ட விலக்கம் 384. அதை 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 172, 25-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 77. போர்டில் தெரியும் பரவலையும் இந்த எண்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள். மாதிரிச் சராசரிகளின் இந்தப் பரவலைக் குறிக்கும் திட்டப் பிழை என்ற சொல்லை நான் முதல்முறை உச்சரிப்பது இங்கேதான். பொருளைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது, பெயர் மட்டும்தான் பாக்கி.

இதே தாளை வைத்து நம்பிக்கை இடைவெளியும், அதாவது உண்மைச் சராசரி இதற்குள் இருக்கும் என்று மாதிரியை வைத்துச் சொல்லும் எல்லையும், நடத்தலாம். ஒவ்வொருவரும் தன் ஐந்து எண் சராசரியில் 337-ஐக் கூட்டியும் கழித்தும் (95 சதவீத இடைவெளிக்கான 1.96 பெருக்கல் 172) ஓர் இடைவெளி எழுத வேண்டும். 665.5 யாருடைய இடைவெளிக்கு வெளியே இருக்கிறதோ அவர்கள் எழுந்து நிற்க வேண்டும். 60 பேரில் சராசரியாக மூன்று பேர் நிற்பார்கள். “இவர்கள் கணக்கில் என்ன தப்புச் செய்தார்கள்?” என்று கேளுங்கள். சரிபார்த்தால் ஒரு தப்பும் இருக்காது. 95 சதவீதம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. நிற்பவர்களுக்குக் கைதட்டச் சொல்வேன், கூச்சப்படக் கூடாது என்பதற்காக.

தொகுதியைப் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றிலும் இருந்து எடுக்கும் அடுக்கு மாதிரிக்கு மூன்று பால்களே மூன்று அடுக்கு. 60 குறள் எடுக்க வேண்டுமென்றால் விகிதப்படி 17, 32, 11. சில கொத்துகளை முழுதாக எடுக்கும் கொத்து மாதிரிக்கு அதிகாரம்தான் கொத்து. ஒரே அதிகாரத்தின் பத்துக் குறளும் ஒரே பொருளைப் பேசுவதால், ஆறு அதிகாரத்தை முழுதாக எடுப்பதும் அறுபது குறளைச் சிதறி எடுப்பதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே இடைவெளி விட்டு எடுக்கும் முறைசார் மாதிரி. 3-இல் தொடங்கிப் பத்தாவது பத்தாவதாக எடுக்கச் சொல்லுங்கள்: 3, 13, 23, 33. ஒவ்வோர் அதிகாரத்திலும் மூன்றாவது குறள் மட்டுமே வந்துகொண்டிருக்கும். பட்டியலில் ஒளிந்திருக்கும் தாளம் மாதிரியைக் கெடுக்கும் ஆபத்து அங்கே கண்ணுக்குத் தெரியும். இடைவெளியைப் பதினொன்றாக மாற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கச் சொல்லி பெல் அடிக்க விடலாம்.

கறந்த பால் டீ

ஒருவர் சொல்வதைத் தரவை வைத்து ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கருதுகோள் சோதனைதான் இந்தத் தாளிலேயே பிள்ளைகள் அதிகம் மனப்பாடம் செய்யும் இடம். இதற்குப் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷரின் தேநீர்ச் சோதனையை எடுத்துக்கொள்கிறேன். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்ல முடியும் என்றார் ஒரு பெண்மணி. ஃபிஷர் அதைச் சோதிக்கும் முறையை 1935-இல் வெளியான தன் நூலில் விவரித்தார்: எட்டுக் கோப்பை, நான்கு இப்படி, நான்கு அப்படி.

என் வகுப்பில் ஒரு மாணவி, பாக்கெட் பாலில் போட்ட டீயையும் கறந்த பாலில் போட்ட டீயையும் தன்னால் கண்டுபிடிக்க முடியும் என்றாள். அவள் வீட்டில் இரண்டு பசு. சரி, சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அடுத்த நாள் அவளே பால் கொண்டுவந்தாள். கேன்டீனில் ஒரே தூள், ஒரே சர்க்கரை, ஒரே சூட்டில் எட்டு டம்ளர். எந்த டம்ளரில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். ஊற்றியவர் வகுப்புக்குள் வரவில்லை, முகத்தைப் பார்த்து அவள் ஊகித்துவிடக் கூடாது அல்லவா. இந்த ஏற்பாடுகளை எல்லாம் வகுப்புதான் யோசித்துச் சொன்னது. சோதனையை வடிவமைப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குப் பழகிய நாள் அது.

சோதனைக்கு முன்னால் எல்லாரும் எழுத வேண்டிய கேள்வி: கறந்த பால் டம்ளர் நான்கில் எத்தனையைச் சரியாகச் சொன்னால் அவள் சொல்வதை ஒப்புக்கொள்வாய்? பெரும்பாலோர் மூன்று என்று எழுதினார்கள். சரி, ஒன்றும் தெரியாதவள் குருட்டாம்போக்கில் மூன்று சரியாகச் சொல்ல எவ்வளவு வாய்ப்பு? எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி. நான்கும் சரியாக அமைவது ஒரே வழி. மூன்று சரியாக அமைவது 16 வழி. ஆக மூன்றோ அதற்கு மேலோ அமைய 70-க்கு 17, அதாவது ஏறக்குறைய 24 சதவீதம். நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஒருத்தர் தேறிவிடுவார். இதைப் பார்த்ததும் வகுப்பு தானாகவே விதியை மாற்றியது: நான்கும் சரியாக இருக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு 70-க்கு 1, ஏறக்குறைய 1.4 சதவீதம்.

அவள் மூன்றைச் சரியாகச் சொன்னாள்.

அந்த வகுப்பில் விழுந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளை ஜெயிக்க வைக்க எல்லாருக்கும் ஆசை. “மூணுன்னுதானே மேம் முதல்ல எழுதினோம்” என்று ஒருவன் கெஞ்சினான். முடிவைப் பார்த்தபிறகு விதியை மாற்றலாமா என்று திருப்பிக் கேட்டேன், அவனே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அந்த மாணவியே கேட்டாள்: “அப்போ எனக்குத் தெரியாதுன்னு ஆயிடுச்சா மேம்?” இல்லை. நிரூபிக்கப் போதிய சான்று இந்த எட்டு டம்ளரில் இல்லை, அவ்வளவுதான். அப்படியானால் எத்தனை டம்ளர் வேண்டும்? பன்னிரண்டு டம்ளர், ஆறுக்கு ஆறு என்றால் 924 வழி. ஐந்தோ ஆறோ சரியாக அமைய 37 வழி, அதாவது 4 சதவீதம். ஒரு தப்புக்கு இடம் கொடுத்தும், வழக்கமாக வைக்கும் 5 சதவீத வரம்புக்குள் நிற்கலாம். இன்மை கருதுகோள் (அவள் சொல்வது வெறும் குருட்டாம்போக்கு என்று வைத்துக்கொள்வது), முக்கியத்துவ மட்டம் (குருட்டாம்போக்கில் தேறிவிட நாம் அனுமதிக்கும் வாய்ப்பு), இரண்டாம் வகைப் பிழை (உண்மையிலேயே தெரிந்தவரை ஒப்புக்கொள்ளாமல் விடுவது), மாதிரி அளவு நான்கும் ஒரே நாளில் முடிந்தன. டீ கொண்டுவர முடியாவிட்டால் இரண்டு பிராண்ட் பிஸ்கட்டை வைத்தும் செய்யலாம், கண்ணைக் கட்டிவிட்டு.

ஒட்டுறவுக்கு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதற்கு, புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-இல் கொடுத்த நான்கு தரவுத் தொகுதிகளே போதும். வரிசைக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள். நான்கு வரிசையும் x-இன் சராசரி 9, y-இன் சராசரி 7.5, ஒட்டுறவு 0.816, கோடு y = 3 + 0.5x என்றே சொல்லும். அப்புறம் கிராஃப் தாளில் வரையச் சொல்லுங்கள். ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு விலகிய ஒற்றைப் புள்ளி, ஒன்றில் ஒரு புள்ளியைத் தவிர மற்றவை எல்லாம் செங்குத்தாக ஒரே வரிசையில். கணக்கைப் போடுவதற்கு முன்னால் படம் போடும் பழக்கம் அன்றே வந்துவிடும்.

கணக்குப் பயிற்சியை விட முடியாது

தேர்வு இருக்கிறது. 75 மதிப்பெண் வெளித்தேர்வில் பிள்ளைகள் கூட்டுச் சராசரியும் கால்மான விலக்கமும் போட்டே ஆக வேண்டும். அதனால் வாரத்தில் இரண்டு பீரியடைக் கணக்குக்கே வைத்திருக்கிறேன். அங்கேயும் நான் போர்டில் போடுவதில்லை. போட்டு முடித்த கணக்கை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன், உள்ளே ஒரு தப்போடு. இருவர் இருவராகத் தேட வேண்டும்.

சும்மா கூட்டல் தப்பாக வைக்காதீர்கள். இப்படி ஒன்று: ஒரு சிறு ஆலையில் மிகக் குறைந்த சம்பளம் 9,000, மிக அதிகமானது 21,000. விடையில் திட்ட விலக்கம் 14,200 என்று போட்டிருக்கும். முதல் வாரம் எல்லாரும் கால்குலேட்டரில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பார்கள். நான்கு வாரம் கழித்து இதே மாதிரி ஒன்றைக் கொடுத்தால், வீச்சே 12,000தான், திட்ட விலக்கம் அதில் பாதியான 6,000-ஐத் தாண்டவே முடியாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார்கள். வைவாவில் கால்குலேட்டரை எடுத்த அந்தப் பெண்ணிடம் நான் வளர்க்காமல் விட்டது இந்தக் கண்ணைத்தான்.

நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். சூத்திர வருவிப்புகளை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன். வரையறைகளை டிக்டேட் செய்வதை அடியோடு நிறுத்திவிட்டேன். அதிலேயே ஒரு செமஸ்டருக்கு எட்டு ஒன்பது பீரியட் மிச்சமாகிறது.

குழு, மௌனம், முணுமுணுப்பு

முதல் வருடம் நான் செய்த பெரிய தப்பு ஆறு பேர் குழு. நன்றாகப் போடும் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் போடும், மீதிப் பேர் பார்த்து எழுதுவார்கள். இரண்டு, மிஞ்சினால் மூன்று பேர் போதும். யார் யாரோடு என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தனியாக எழுதாமல் குழுவுக்குப் போகக் கூடாது என்பதைக் கண்டிப்பாக வைத்திருங்கள். குழுவின் பதிலைச் சொல்பவரை ரோல் நம்பர் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அப்போதுதான் மூன்று பேரும் தயாராக இருப்பார்கள்.

தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைகள் முதல் மாதம் வாயே திறக்க மாட்டார்கள். ஆங்கிலச் சொல் தெரியவில்லை என்ற பயம்தான் காரணம், கணக்குப் பயம் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டில் பேசும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு வேண்டிய கலைச்சொல்லை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

யூகத்துக்கு மதிப்பெண் போடுவதாக இருந்தால், எழுதியதற்குப் போடுங்கள், சரியாக இருப்பதற்குப் போடாதீர்கள். சரிக்கு மார்க் என்றால் யூகம் நின்று காப்பி தொடங்கிவிடும்.

மூன்றாவது வாரத்தில் “மேம் நடத்தவே மாட்டேங்கறாங்க” என்ற பேச்சு துறைத்தலைவர் வரைக்கும் போகும். எனக்கும் போனது, மனது கஷ்டமாகத்தான் இருந்தது. 2019-இல் ஹார்வர்டில் டெலோரியே குழுவினர் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வு எனக்குத் தைரியம் கொடுத்தது. தாங்களே செய்து படித்த மாணவர்கள், குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சோதனையிலோ அவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தானே போடும்போது தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் படிப்பு. இதை முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். துறையில் கேட்டால் காட்ட 2014-இல் வந்த ஃப்ரீமன் குழுவின் தொகுப்பாய்வும் இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், செயல்வழி வகுப்புகளில் 21.8 சதவீதம்.

ஒவ்வொரு பீரியடும் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அரைத் தாளில் ஒரு கேள்விக்கு விடையும், புரியாதது ஒரு வரியும் எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மூன்று கட்டாகப் பிரித்துவிடுவேன்: புரிந்தது, பாதி, புரியவே இல்லை. நடுக்கட்டில் இருந்துதான் மறுநாளின் முதல் கேள்வி வரும்.

கடைசி யூனிட், விலைகள் மொத்தத்தில் எவ்வளவு மாறின என்று ஒரே எண்ணில் சொல்லும் குறியீட்டெண்கள். புத்தகத்தில் இருக்கும் அ, ஆ, இ பொருள்களை ஒதுக்கிவிட்டு, “உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ்? போன வருடம் என்ன விலை, இப்போது என்ன விலை?” என்று அம்மாவிடம் கேட்டு எழுதிவரச் சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு யூகம்: 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டிருந்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானத்துக்கும் எத்தனை சதவீத எடை இருந்தது? 45.86 என்று சொன்னதும், கேட்டு எழுதி வந்த தன் வீட்டுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாதிப் பேர் தாளில் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

போன வருடம் ஒரு மாணவி இரண்டு வருடத்து அளவையும் எழுதி வந்தாள். துவரம்பருப்பு மூன்று கிலோவில் இருந்து ஒன்றரையாகக் குறைந்திருந்தது, பாசிப்பருப்பு கூடியிருந்தது. பழைய அளவை எடையாக வைத்து லாஸ்பியர் முறையில் போட்டால் ஓர் எண், இப்போதைய அளவை வைத்துப் பாஷே முறையில் போட்டால் அதைவிடக் குறைந்த இன்னோர் எண். எது சரி என்று கேட்டாள். வகுப்பிடமே விட்டேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “விலை ஏறினதால உங்க அம்மா சமையலை மாத்திக்கிட்டாங்க. முதல் எண்ணுக்கு அது தெரியாது, ரெண்டாவதுக்குத் தெரியும்” என்றாள். அவள் கையில் இருந்த தாளின் ஓரத்தில், வகுப்பு தொடங்கும்போது எழுதிய யூகம் இருந்தது: “இரண்டு முறையிலும் ஒரே விடை வரும்.” அதைப் பேனாவால் ஒற்றைக் கோடாக அடித்து, கீழே காரணத்தையும் எழுதியிருந்தாள்.